கார்த்திகேயன் என்றொரு பெயர்

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெயர் கூப்பிட்டு வருகை குறிக்கும் வேலை சில ஆண்டுகளாக என்னுடையது. 'கார்த்திக்' என்று கூப்பிட்டால் மூன்று கைகள் உயரும். ஆகவே பிள்ளைகளே தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவன் பெரிய கார்த்திக், இன்னொருவன் கண்ணாடி கார்த்திக், மூன்றாமவன் துவாரகா கார்த்திக். சென்ற ஆண்டு நான்காவதாக ஒருவன் வந்து சேர்ந்தான். தகப்பனார் ஒரிசாக்காரர், தாயார் நம் தஞ்சாவூர்ப் பெண். "உனக்கும் முருகன் பெயர்தானா?" என்று கேட்டேன். "இல்லை மாமா, நான் கார்த்திக் மாசத்தில் பிறந்தவன், அதனால் கார்த்திக்" என்றான் பையன்.

ஒரே பெயர்தான், ஆனால் மூவருக்கு அது சாமி பெயர், நான்காமவனுக்கு மாதத்தின் பெயர். அன்று வகுப்பில் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். பேசியது போதவில்லை என்று பட்டதால் இங்கே எழுதுகிறேன். இந்தப் பெயரைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கார்த்திகேயன் என்றால் முருகன் என்று குழந்தையும் சொல்லும். ஆனால் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'கிருத்திகையரின் மகன்' என்பதுதான். வடமொழியில் தாயின் பெயரோடு 'ஏய' என்ற விகுதியைச் சேர்த்து மகனைக் குறிக்கும் வழக்கம் உண்டு. குந்தியின் மகன் கௌந்தேயன். கங்கையின் மகன் காங்கேயன், அதாவது பீஷ்மர். விநதையின் மகன் வைநதேயன், நம் பெருமாள் கோயில் கருடாழ்வார். அஞ்சனையின் மகன் ஆஞ்சநேயன். நம்மில் பலர் நாள்தோறும் சொல்லும் ஆஞ்சநேயர் என்ற பெயருக்குள் ஒரு தாயின் பெயர் இருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? அதே வார்ப்பில் வந்தது கார்த்திகேயன். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் வழக்கமுள்ள நமக்கு, இது தாயின் பெயரையே முழுவதுமாகத் தன்னுள் வைத்துக்கொண்ட பெயர் என்று சொன்னால் எளிதில் விளங்கும். அதிலும் ஒரு தாயின் பெயரன்று, ஆறு தாய்மாரின் பெயர்.

அந்த ஆறு பேரும் வானத்தில் இருக்கிறார்கள். கார்த்திகை நட்சத்திரம் என்று நாம் சொல்வது தனி நட்சத்திரம் அன்று. நெருங்கிக் கிடக்கும் ஒரு கூட்டம். வெறுங்கண்ணால் பார்த்தால் சாதாரணமாக ஆறு தெரியும். பழந்தமிழில் இதற்கு அறுமீன் என்றும் ஆரல் என்றும் பெயர். கிரேக்கர்கள் இதே கூட்டத்தைச் சகோதரிகள் எழுவர் என்று எண்ணினார்கள். கண்ணின் கூர்மையும் வானத்தின் தெளிவும் சேர்ந்தால் எண்ணிக்கை கூடும். தொலைநோக்கி வைத்துப் பார்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நம்மிடமிருந்து அவற்றின் தொலைவு நானூறு ஒளியாண்டுகளுக்கு மேல். இன்றிரவு நாம் காணும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது தில்லியில் மொகலாயர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

பௌர்ணமிச் சந்திரன் எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அதைக் கொண்டு மாதத்துக்குப் பெயர் வைத்தார்கள் முன்னோர். அதனால்தான் கார்த்திகை மாதம், கார்த்திகைப் பௌர்ணமி, கார்த்திகை தீபம் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து வருகின்றன. வடமொழியில் நட்சத்திரம் 'கிருத்திகா', மாதம் 'கார்த்திக'. தமிழில் நாம் இரண்டையும் கார்த்திகை என்றே சொல்லிவிட்டோம். இங்கே ஒரு சிறு சிக்கல், தில்லிவாசிகளுக்கு நன்கு தெரிந்தது. வடவர் மாதம் சந்திரனைப் பார்த்து நடப்பது, பௌர்ணமியோடு முடிவது. நம் மாதம் சூரியனைப் பார்த்து நடப்பது. அவர்கள் தீபாவளி கார்த்திக் அமாவாசையில் வரும், நம் தீபாவளி ஐப்பசியில் வரும், நாளோ பெரும்பாலும் ஒன்றுதான். பெரும்பாலான ஆண்டுகளில் அவர்களுடைய கார்த்திக் மாதம் முடிகிற சமயத்தில்தான் நம் கார்த்திகை பிறக்கிறது. பக்கத்து வீட்டு மாதாஜி "கார்த்திக் போய்விட்டதே, இப்போது என்ன விளக்கு?" என்று என் மனைவியைக் கேட்காத ஆண்டு இல்லை.

ஒரிசாப் பையன் சொன்னதும் இதனால் சரிதான். ஒரிசாவில் கார்த்திக் மாதம் மிகவும் புனிதமானது. மீனும் இறைச்சியும் விரும்பி உண்பவர்கள்கூட அந்த மாதத்தில் அவற்றை விலக்குவார்கள். கார்த்திக் பௌர்ணமி அன்று விடியற்காலையில் வாழைமட்டையிலும் காகிதத்திலும் சிறு படகு செய்து, விளக்கேற்றி நீரில் விடுவார்கள். பாலித் தீவு வரை கடலோடி வணிகம் செய்த தம் முன்னோரின் நினைவாக அதைச் செய்வதாகச் சொல்வார்கள். அந்த மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு வேறு பெயர் தேட வேண்டிய அவசியமே இல்லை. வட இந்தியாவில் நாம் சந்திக்கும் கார்த்திக்குகளில் இப்படி மாதத்தால் பெயர் பெற்றவர்கள் கணிசமானவர்கள். ஆகவே வேலைக்கு வந்த கார்த்திக் ராமைப் பார்த்து "நீங்களும் முருக பக்தரா?" என்று கேட்டு அவரைத் திகைக்க வைக்க வேண்டாம்.

இனிக் கதைக்கு வருவோம். முருகன் பிறந்த கதை ஒன்றன்று, பல. வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில், அக்னியும் கங்கையும் தாங்கிய தேஜசிலிருந்து பிறந்த குழந்தைக்குப் பாலூட்டத் தேவர்கள் கிருத்திகைப் பெண்களை அனுப்புகிறார்கள். ஆறு பேருக்கும் மனம் கோணாமல் ஒரே நேரத்தில் பால் குடிக்க வேண்டி அந்தக் குழந்தை ஆறு முகம் கொள்கிறது. ஆறுமுகம் என்ற பெயருக்கு இதைவிட இனிய விளக்கம் நான் கேட்டதில்லை. காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில், சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து வந்த ஆறு பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாகின்றன. கார்த்திகைப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்து வளர்க்கிறார்கள். பின்பு உமையம்மை ஆறையும் சேர்த்தணைக்க ஓருருவாகிறான் கந்தன். நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் கதை இதுதான்.

இவற்றைவிட என் மனத்தைத் தொட்டது மகாபாரதத்து வனபர்வத்தில் வரும் கதை. சப்தரிஷிகளின் மனைவியர்மேல் அக்னி ஆசை கொள்கிறான். அக்னியை விரும்பிய ஸ்வாகா என்பவள் அந்த ரிஷிபத்தினிகளின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அவனை அடைகிறாள். ஆறு பேர் உருவம் அவளுக்கு வாய்க்கிறது; அருந்ததியின் உருவம் மட்டும் வாய்க்கவில்லை. குழந்தை பிறக்கிறது. ஊர் பேசாமல் இருக்குமா? ஆறு பத்தினிகள்மேல் பழி விழுகிறது. நடந்ததை அறிந்த விசுவாமித்திரர் எடுத்துச் சொல்கிறார், ஸ்வாகாவே வந்து சொல்கிறாள், இருந்தும் ரிஷிகள் தம் மனைவியரைத் தள்ளிவிடுகிறார்கள். போக்கிடமற்ற அந்த ஆறு பெண்களும் நேரே குழந்தையிடம் வருகிறார்கள். "ஒரு குற்றமும் செய்யாமலே துரத்தப்பட்டோம். நீ எங்களுக்கு மகனாக இரு" என்று கேட்கிறார்கள். அவன் சம்மதிக்கிறான். அவர்கள் வானத்தில் கிருத்திகை நட்சத்திரமாக இடம் பெறுகிறார்கள்.

இந்தக் கதையில் அவர்கள் அவனைப் பெறவில்லை, பால் கொடுத்ததாகக்கூடத் தொடக்கத்தில் இல்லை. ஊரார் பேச்சு ஒன்றுதான் அவர்களுக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு. அதையே உறவாக மாற்றித் தாய் என்று ஏற்றுக்கொண்டான். சங்க நூல்களுள் ஒன்றான பரிபாடலின் ஐந்தாம் பாடலும் ஏறத்தாழ இந்தக் கதையைத்தான் தன் வழியில் சொல்கிறது. கடுவன் இளவெயினனார் பாடியது. அங்கே அருந்ததி நீங்கலான ஆறு பேரும் தாமே அவனைக் கருக்கொண்டு, இமயத்துச் சுனையில் தாமரைப் படுக்கையில் பெறுகிறார்கள். அவர்களுடைய கற்பில் மறு ஏதுமில்லை என்று சொல்லி வைக்கவும் புலவர் மறக்கவில்லை. ரிஷிகள் நம்பாததைத் தமிழ்ப் புலவர் நம்பினார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

முருகனுடைய ஜன்ம நட்சத்திரம் விசாகம். விசாகன் என்றே அவனுக்கு ஒரு பெயர். அப்படியிருக்க மாதந்தோறும் கிருத்திகை அன்று முருகன் கோயில்களில் கூட்டம் நெரிகிறதே, ஏன்? வளர்த்த பெண்களுக்குச் சிவபெருமான் கொடுத்த வரம் அது. அவர்கள் நாளில் நோன்பிருப்பவர்களுக்கு மகன் அருள் செய்வான் என்பது நம்பிக்கை. பிறந்த நாள் ஆண்டுக்கொரு முறை, வளர்த்தவர்கள் நாள் மாதத்துக்கொரு முறை!

பெற்றவளை விட்டு வளர்த்தவள் பெயரால் அறியப்படும் இன்னொருவர் மகாபாரதத்தில் உண்டு. கர்ணன் பிறப்பால் கௌந்தேயன், ஆனால் ராதேயன் என்ற பெயரைத்தான் அவன் விரும்பினான். தேரோட்டியின் மனைவி ராதை எடுத்து வளர்த்த பிள்ளை. நீ குந்தியின் மூத்த மகன், ராஜ்யம் உன்னுடையது என்று கிருஷ்ணன் வந்து சொன்னபோது, எனக்குப் பாலூட்டியவள் ராதை, என் மலஜலம் எடுத்தவள் ராதை, அவளை எப்படி விடுவேன் என்றுதான் அவன் பதில் சொன்னான். ராதேயன் என்று யாரும் இன்று பிள்ளைக்குப் பெயர் வைப்பதாகத் தெரியவில்லை. கார்த்திகேயன் நிலைத்துவிட்டது.

முருகன் தமிழ்க் கடவுள் என்று பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் நாம் குடியிருக்கும் இந்தத் தில்லிப் பக்கமும் ஒரு காலத்தில் அவன் சீமையாகத்தான் இருந்தது என்பதைச் சங்கத்து அன்பர்கள் பலர் கேட்டால் வியப்படைகிறார்கள். இங்கிருந்து எழுபது கிலோமீட்டரில் இருக்கும் ரோஹ்தக் நகரை, கார்த்திகேயனுக்குப் பிரியமான ஊர் என்று மகாபாரதத்து சபாபர்வம் சொல்கிறது. நகுலன் திக்விஜயம் போகிற இடத்தில் வரும். அந்தப் பகுதியில் கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் வாழ்ந்த யௌதேயர் என்ற போர்க்குடியினர், ஆறு தலையுடைய கார்த்திகேயன் உருவத்தைத் தம் நாணயங்களில் பொறித்தார்கள். குஷான அரசன் ஹுவிஷ்கனுடைய நாணயங்களில் ஸ்கந்த குமாரன் என்றும் விசாகன் என்றும் தனித்தனிப் பெயரோடு நிற்கிறான், எழுத்தோ கிரேக்க எழுத்து. குப்தர்கள் காலத்தில் அரசர்களே அவன் பெயரைத் தாங்கினார்கள்: முதலாம் குமாரகுப்தன், அவன் மகன் ஸ்கந்தகுப்தன். ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்டவர்கள். குமாரகுப்தன் வெளியிட்ட பொற்காசுகளில் ஒரு வகையில் ஒரு பக்கம் அரசன் மயிலுக்குத் தீனி கொடுக்கிறான், மறுபக்கம் கார்த்திகேயன் மயில்மேல் அமர்ந்திருக்கிறான். 1946-இல் ராஜஸ்தானத்தில் பயானா அருகே குப்தர் காலப் பொற்காசுகள் ஆயிரத்தெண்ணூறுக்கும் மேல் கிடைத்தன; அவற்றில் பல நூறு இந்தக் குமாரகுப்தனுடையவை.

பிறகு வடக்கே அவன் வழிபாடு மெல்லக் குறைந்தது. தமையன் தம்பி முறையும் மாறிக் கிடக்கிறது. நமக்கு அவன் இளையவன், வடக்கே பெரும்பாலும் மூத்தவன். வள்ளி தேவசேனை இல்லாத பிரமச்சாரி. ஹரியானாவில் குருக்ஷேத்திரத்துப் பக்கம் பெஹோவா என்ற ஊரில் அவனுக்குப் பழைய கோயில் ஒன்று உண்டு. அதில் பெண்கள் உள்ளே போவதில்லை. ஆறு பெண்கள் வளர்த்த பிள்ளைக்கு இப்படி ஒரு காவலா என்று என் மனைவி அங்கே வாசலில் நின்றபடியே கேட்டாள். நானும் உள்ளே போகவில்லை.

உத்தராகண்டில் ருத்ரப்பிரயாகை மாவட்டத்தில் கார்த்திக் சுவாமி கோயில் இருக்கிறது. கனக்சௌரி என்ற கிராமத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் மலையேற்றம். சுமார் பத்தாயிரம் அடி உயரம், கூப்பிடு தூரத்தில் பனிமலைகள். அங்கே சொல்லும் தலபுராணம் நம் பழனிக் கதையேதான். உலகைச் சுற்றி வரும் போட்டி, பிள்ளையார் பெற்றோரைச் சுற்றி வந்து வெல்வது, இளைத்தவன் கோபித்துக்கொண்டு போவது. பழனியில் அவன் ஆண்டியாகிறான். இமயத்திலோ கோபம் இன்னும் கடுமை. தாய் தந்த தசையைத் தாயிடமும் தந்தை தந்த எலும்பைத் தந்தையிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்கிறார்கள். அங்கே அவ்வையார் இல்லை, சமாதானம் பேசுவாரும் இல்லை. பெற்றவர்களிடம் பெற்றதைக் கொடுத்துவிட்டான், சரி. வளர்த்தவர்கள் கொடுத்த பாலை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று இறங்கும் வழியெல்லாம் யோசித்தபடி வந்தேன்.

வங்காளத்தில் நிலைமை வேறு. உத்தியோக மாற்றலில் நான் சில வருடங்கள் கல்கத்தாவில் இருந்தேன். துர்க்கா பூஜைப் பந்தலில் அம்மனுக்கு ஒரு பக்கம் வில்லும் அம்புமாகக் கார்த்திக் நிற்பான். அரும்பு மீசை, சுருண்ட கேசம், மயில் வாகனம். பார்க்க அந்தக் கால நாடகக் கதாநாயகன் மாதிரி இருப்பான். அழகான பையனைக் 'கார்த்திக் மாதிரி இருக்கிறான்' என்பார்கள். வேலை வெட்டியில்லாமல் சீவிச் சிங்காரித்துத் திரிபவனை 'நவ கார்த்திக்' என்று கேலி செய்வார்கள். கார்த்திக் மாதத்தின் கடைசி நாள் அவனுக்குத் தனிப் பூஜை. ஹூக்ளி மாவட்டத்துப் பான்ஸ்பேரியாவிலும் காட்வாவிலும் அன்று பெரிய திருவிழா. அந்தப் பூஜையோடு ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. புதிதாய்க் கல்யாணமானவர்கள் வீட்டு வாசலில் நண்பர்கள் இரவோடிரவாகக் கார்த்திக் பொம்மை ஒன்றை வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். வாசலுக்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. உள்ளே எடுத்துப் பூஜை செய்ய வேண்டும், நண்பர்களுக்கு விருந்தும் வைக்க வேண்டும். அந்த வீட்டில் பிள்ளைச் செல்வம் உண்டாகும் என்பது நம்பிக்கை. எங்கிருந்தோ வந்து வாசலில் கிடக்கும் குழந்தையை வாரி எடுத்துக்கொள்ளும் சடங்கு, சரவணப் பொய்கைக் கதைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

நம்மவர்களிடம் இந்தப் பெயர் இவ்வளவு பரவியது அண்மைக் காலத்தில்தான். எங்கள் குடும்பத்துக் கல்யாணப் பத்திரிகைகளை வைத்தே சொல்கிறேன். தாத்தா தலைமுறையில் சுப்பிரமணியன், ஆறுமுகம், வேலாயுதம். அப்பா தலைமுறையில் பாலசுப்பிரமணியன், தண்டபாணி, முருகேசன். என் தலைமுறையில் சரவணன், செந்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கார்த்திகேயன். பிள்ளைகள் தலைமுறையில் திரும்பிய பக்கமெல்லாம் கார்த்திக். சாமி அதே சாமி. எழுத்து குறைந்துகொண்டே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் சினிமாவுக்கும் பங்குண்டு. நடிகர் முத்துராமனின் மகன் முரளி, 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் கார்த்திக் என்ற பெயரில் அறிமுகமானார். அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு ஓர் இளமைக் களை வந்துவிட்டது. 2000-இல் 'அலைபாயுதே' கதாநாயகனும் கார்த்திக், 2010-இல் 'விண்ணைத்தாண்டி வருவாயா' கதாநாயகனும் கார்த்திக். அதே 2010-இல் 'கார்த்திக் காலிங் கார்த்திக்' என்று இந்தியிலும் ஒரு படம். சுருக்கிய பெயர் வடக்கிலும் தெற்கிலும் ஒரே மாதிரி ஒலிப்பதால், ஊர்விட்டு ஊர் வேலைக்குப் போகும் காலத்துக்குப் பொருத்தமாகவும் போயிற்று. சுப்பிரமணியன் என்ற பெயரைத் தில்லி அலுவலகங்களில் 'சுப்ரமணியம் சாப்' ஆக்கி, அதையும் 'மணி சாப்' ஆக்கியதை நம் தலைமுறை பார்த்திருக்கிறது.

முழுப் பெயரும் ஒழிந்துவிடவில்லை. 1998-இல் சி.பி.ஐ.யின் இயக்குநராக இருந்தவர் கோவைப் பக்கத்து டி.ஆர். கார்த்திகேயன். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், அவரும் கோவைக்காரர். அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய்க்கும், சென்னையிலிருந்து மருமகளாகச் சென்ற நாட்டியக் கலைஞர் மிருணாளினிக்கும் பிறந்த மகனின் பெயர் கார்த்திகேய. சுற்றுச்சூழல் கல்விக்காக 1984-இல் ஒரு மையத்தையே தொடங்கி நடத்தியவர். குஜராத்தியில் கடைசி 'ன்' இல்லை. இந்தியிலும் இல்லை. அந்த ஒற்றெழுத்து தமிழ் போட்ட முத்திரை.

இப்போது முன்பு சொன்ன சொந்தக் காரணம். என் மகளும் மருமகனும் 2019-இல் ஒரு குழந்தையைத் தத்தெடுத்தார்கள். ஏழு மாத ஆண் குழந்தை. நமக்குப் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனார் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். மருமகனின் குடும்பத்திலும் தலைச்சன் பேரனுக்குப் பாட்டனார் பெயர்தான் வழக்கம். ஆனால் இந்தக் குழந்தைக்கு அந்தப் பெயரை வைப்பதில் சம்பந்தி வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நல்ல மாடர்ன் பெயராகப் பார்த்து வையுங்களேன்" என்றார்கள். அந்தப் பேச்சின் அர்த்தம் என் மகளுக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் கார்த்திகேயன் என்ற பெயரைச் சொன்னேன். கிருத்திகை மாதர் கதையையும் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குழந்தை இருந்த இல்லத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அங்கே இவனை எத்தனை பேர் பார்த்துக்கொண்டீர்கள்?" என்று கேட்டாள். பகல் முறைக்கு மூவர், இரவு முறைக்கு இருவர், விடுப்புக்கு மாற்றாக வரும் ஒருத்தி, சமையற்கட்டிலிருந்து அடிக்கடி வந்து தூக்கிக்கொண்டு போகும் அம்மாள் ஒருத்தி. மொத்தம் ஏழு. "ஆறு இல்லையேப்பா" என்றாள் மகள். கிரேக்கர்களும் ஏழு என்றுதான் எண்ணியிருக்கிறார்கள் என்றேன். ஏழு மாதம் அவனுக்குப் பாலைப் புகட்டி, துணி மாற்றி, இரவில் மடியில் போட்டுத் தட்டிய கைகளுக்கு எந்தச் சான்றிதழிலும் இடமில்லை. தத்தெடுப்பு ஆணை கிடைத்தபின் பிறப்புச் சான்றிதழ் தத்தெடுத்த பெற்றோர் பெயரில் வருகிறது. சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும், அது குழந்தைக்கு நல்லது. ஆனாலும் அந்த ஏழு பேரையும் எங்கேனும் ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டுமென்று மகளுக்குத் தோன்றியது. பெயரிலேயே எழுதிவிட்டோம்.

பெயர் சூட்டும் நாளில் சம்பந்தி தம் மனைவியோடு வந்தார். அவருக்குக் கதை முன்பே தெரியும். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, வலது காதில் மூன்று முறை பெயரை ஓதினார். மூன்றாவது முறை, கார்த்திகேயனுக்குப் பின்னால் தம் தகப்பனார் பெயரையும் சேர்த்து மெல்லச் சொன்னது அருகில் இருந்த எனக்குக் கேட்டது. நான் அதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை.

கார்த்திகையன்று சம்பந்தி இவனை உத்தர சுவாமிமலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் 1973 ஜூன் 7-ஆம் தேதி குடமுழுக்குக் கண்ட கோயில். தில்லிவாசிகள் எல்லாருக்கும் 'மலை மந்திர்'. இந்திக்காரர்களுக்கு அது சுவாமி பெயரென்றே எண்ணம், நமக்கு மலை என்றால் என்னவென்று தெரியும். பையனுக்குத் தத்தெடுத்த விஷயத்தை மறைக்கவில்லை. கதையாகவே சொல்லி வளர்த்திருக்கிறாள். "முருகனுக்கு ஆறு, எனக்கு எட்டு" என்று அவன் சிநேகிதர்களிடம் கணக்குச் சொல்வதாகக் கேள்வி. எட்டாவது யார் என்று கேட்டால், "இந்த அம்மா" என்று என் மகளைக் காட்டுவான்.

பள்ளியில் சேர்க்கும்போது முதலெழுத்துப் பிரச்சினை வந்தது. குடும்பப் பெயர் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதை எப்படி நிரப்புவது என்பது நாம் எல்லாரும் அனுபவித்த தொல்லைதான். தகப்பனார் பெயரைப் போட்டால் பிள்ளையைத் தகப்பனார் பெயரால் கூப்பிடுவார்கள், போடாவிட்டால் படிவத்தைத் திருப்பிவிடுவார்கள். இப்போது காலம் சற்று இளகியிருக்கிறது. திருமணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலே குழந்தைக்குக் காப்பாளராகலாம், பிறப்புச் சான்றிதழும் பெறலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகளை மாற்றி, தாய் தந்தை இருவரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்றார்கள். என் மகள் தன் முதலெழுத்தையும் கணவரின் முதலெழுத்தையும் சேர்த்தே போட்டாள். பள்ளிக்காரர்கள் மறுப்புச் சொல்லவில்லை.

அதன்பின் வீட்டில் ஒரு வாரம் நடந்த விவாதம் வேறு: ஆங்கிலத்தில் எழுதும்போது டி எழுத்துக்குப் பின் எச் வேண்டுமா, வேண்டாமா? நமக்கு எச் இல்லாவிட்டால் அது 'கார்ட்டிக்' ஆகிவிடும். வடவருக்கு எச் இருந்தால் மூச்சை அழுத்தி வேறொரு 'த' சொல்ல வேண்டியிருக்கும், இந்தி வகுப்பில் அந்த எழுத்தையே போட்டும் விடுவார்கள். சென்னையில் பிறந்து ரயில்வே அணிக்கு ஆடிய முரளி கார்த்திக் எச் இல்லாமல் எழுதுகிறார், தினேஷ் கார்த்திக் எச்சோடு எழுதுகிறார். மருமகன் வேண்டாம் என்றார், சம்பந்தி வேண்டும் என்றார். எச்சும் போட்டு, கடைசியில் 'ன்' எழுத்தையும் விடாமல், பதினொரு ஆங்கில எழுத்துகளில் எழுதிக் கொடுத்தோம். படிவத்தில் அதற்கு இடம் இருந்தது.